விதிக்குள் இருக்கும் காரணம்: சிறுவர் எல்க் வேட்டையின் அறிவியல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 12 வயதான ஒரு பிள்ளை எல்க் மானை வேட்டையாட உரிமம் பெறலாம். எல்க், மான் குடும்பத்தின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். பெண் 200 முதல் 250 கிலோ வரை இருக்கும். அப்படிப்பட்ட விலங்கின் முன்னால், 40 கிலோ எடைகூட இல்லாத ஒரு பிள்ளையைத் துப்பாக்கியோடு நிறுத்தலாமா? 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையை மறந்துவிட்ட நாட்டில் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி உடனே எழும். எழவும் வேண்டும்.

அந்தக் கேள்விக்கு அங்கே மாநில அரசு தரும் பதில், ஆண்டுதோறும் வெளியாகும் ஒரு விதிப் புத்தகம். என்ன நிறத்தில் சட்டை அணிய வேண்டும், குண்டின் எடை எவ்வளவு, உடன் வரும் பெரியவர் எவ்வளவு அருகில் இருக்க வேண்டும், விழுந்த விலங்கின் எந்தப் பகுதியை விட்டுவிட்டு வரக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. மேலோட்டமாகப் படித்தால் அலுவலகக் கண்டிப்பு போலத் தோன்றும். ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டுப் பார்த்தால் உள்ளே உயிரியலோ இயற்பியலோ மருத்துவமோ இருக்கிறது. விதியை மனப்பாடம் செய்த பிள்ளை பதற்றத்தில் அதை மறந்துவிடலாம். காரணம் புரிந்த பிள்ளை எளிதில் மறக்காது. அதனால் பிள்ளையை மலைக்கு அழைத்துப் போகும் பெரியவருக்கு, அந்தக் காரணங்களைத் தான் முதலில் அறிந்திருக்க வேண்டிய கடமை உண்டு.

ஏன் பெண் எல்க்?

சிறுவர்களுக்கு ஒதுக்கப்படும் எல்க் உரிமங்கள் கொம்பில்லாத எல்குக்கானவை. பெண் எல்கும் கன்றும் இதில் அடங்கும். எண்ணிக்கை வரம்போடு வழங்கப்படும் கொம்பில்லா எல்க் உரிமங்களில் 15 சதவீதத்தை கொலராடோ சிறுவர்களுக்கென ஒதுக்குகிறது. பெரிய கொம்புள்ள ஆண்களைப் பெரியவர்கள் தமக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு மந்தை பெருகுவதும் குறைவதும் பெண்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

எல்க் மான்களின் இணைசேரும் காலம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை நீளும். வலிமையான ஓர் ஆண் பல பெண்களைத் தன் கூட்டத்தில் சேர்த்து வைத்துக் காவல் காக்கும். சில ஆண்கள் வேட்டையில் இறந்தாலும் மற்ற ஆண்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். அடுத்த கோடையில் பிறக்கும் கன்றுகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. பெண்ணின் கணக்கு வேறு. எட்டு மாதத்துக்குச் சற்றே கூடுதலாகச் சுமந்து, மே கடைசியிலோ ஜூனிலோ பெரும்பாலும் ஒரே ஒரு கன்றை ஈனும். கன்றின் எடை சுமார் 15 கிலோ. ஆகவே எத்தனை பெண்கள் உயிரோடு இருக்கின்றன என்பதே மந்தையின் வருங்காலத்தைத் தீர்மானிக்கிறது.

இதில் குளிர்காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கோடையில் 3,000 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளிகளில் மேயும் மந்தைகள், பனி விழுந்ததும் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி வருகின்றன. அங்கேதான் பண்ணைகளும் சாலைகளும் புதுக் குடியிருப்புகளும் இருக்கின்றன. கோடைப் புல்வெளி எவ்வளவு பரந்திருந்தாலும், குளிர்கால மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவுக்கே மந்தை தாங்கும். அளவு மீறினால் விவசாயியின் வைக்கோற்போரில் வாய் வைக்கும். கடும்பனி ஆண்டில் பட்டினியால் சாகும். உயிரியலாளர்கள் குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் பறந்து மந்தைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நூறு பெண்களுக்கு எத்தனை கன்றுகள், எத்தனை ஆண்கள் என்று பார்க்கிறார்கள். அந்த விகிதங்களை வைத்தே அடுத்த ஆண்டு எத்தனை உரிமம் என்பது முடிவாகிறது. பிள்ளையின் கையில் இருக்கும் உரிமச் சீட்டு அந்தக் கணக்கின் ஒரு துளி. வேட்டைக்கு முன்பே அது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் விட்ட காலமும் உண்டு. ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் ஒரு கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தைக்காகக் கட்டுப்பாடின்றிச் சுட்டதில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஒரு லட்சத்துக்கும் கீழே போயின. கொலராடோவின் எஸ்டெஸ் பள்ளத்தாக்கில் எல்க் அடியோடு இல்லாமல் போகவே, 1913, 1914 ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று கண்டம் முழுவதும் சுமார் பத்து லட்சம் எல்க் இருக்கின்றன. அவற்றில் இரண்டரை லட்சத்துக்கு மேல் கொலராடோவில் மட்டும் வாழ்கின்றன. இந்த மீட்சிக்குப் பணம் தந்த வழிகளில் முக்கியமானது 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான, இன்று 11 சதவீதமாக உள்ள வரியை அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிட்டது. இளம் வேட்டையர் கட்டாயமாகத் தேற வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளுக்கும் இன்று அந்த வரிப்பணம் போகிறது.

கண்ணுக்கு ஒரு விதி, மூக்குக்கு விதியில்லை

துப்பாக்கியோடு எல்க் வேட்டைக்குப் போகும் எவரும் குறைந்தது 500 சதுர அங்குல அளவுக்கு ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு நிற ஆடை அணிய வேண்டும். தலையிலும் அதே நிறத் தொப்பி இருக்க வேண்டும். காட்டில் ஒளிந்து நடக்க வேண்டியவர் இப்படிப் பளிச்சென்று உடுத்தினால் மான் ஓடிவிடாதா என்று பிள்ளை கேட்கும்.

நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. மான்களுக்கு இரண்டு வகைதான். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைவால் மான், ஃபாலோ மான் ஆகியவற்றின் விழித்திரை எந்த நிற ஒளிக்கு எப்படி மின்துலங்கல் தருகிறது என்று அளந்து பார்த்தார்கள். நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என இரண்டே வகைக் கூம்புகள் இருப்பது தெரிந்தது. சிவப்பின் பக்கமுள்ள நிறங்களைத் தனியாகப் பிரித்தறியும் கூம்பு அவற்றுக்கு இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்குக்கும் ஆரஞ்சு நிறம் காய்ந்த புல்லோடு ஒன்றிப்போகும் மங்கலாகவே தெரியும். மனிதக் கண்ணிலோ அது அறைந்தாற்போல் படும். ஒளிரும் சாயம், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் நீல ஒளியையும் உள்வாங்கி ஆரஞ்சாக வெளிவிடுகிறது. வைகறையிலும் அந்தியிலும், நீல ஒளி மிகுந்திருக்கும் நேரத்தில், அது சுற்றியுள்ள எல்லாவற்றையும்விடப் பிரகாசமாகத் தெரிவது இதனால்தான். எல்க் வேட்டையின் முக்கியமான நேரமும் அதுவே. பக்கத்துச் சரிவில் நிற்கும் இன்னொரு வேட்டையர் பிள்ளையை மனிதர் என்று உடனே அறிந்துகொள்ள வேண்டும். விதியின் நோக்கம் அவ்வளவுதான்.

மூக்கைப் பற்றி விதிப் புத்தகம் எதுவும் சொல்வதில்லை. ஆனால் எல்க் வேட்டையில் பெரும்பாலான தோல்விகள் மூக்கால் வருபவை. மலைக்காற்றுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. இரவில் சரிவின் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தை நோக்கி வழிகிறது. சூரியன் ஏறிச் சரிவு சூடானதும் காற்று இலேசாகி மேல்நோக்கிப் போகிறது. மாலையில் மறுபடியும் திசை மாறுகிறது. ஆகவே விடியலில் மந்தைக்குக் கீழே இருந்து நெருங்குபவரின் வாசனை மேலே போகாது. அவரே பத்து மணிக்கும் கீழே நின்றால், அவரது வாசனை மந்தைக்கு நேராகப் போய்ச் சேரும்.

இதைப் பிள்ளைக்குக் காட்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. நுண்தூள் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் புட்டியை வேட்டையர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். அழுத்தினால் தூள் காற்றில் கிளம்பித் திசையைச் சொல்லும். அந்தப் புட்டியைப் பிள்ளையிடம் கொடுத்து, காற்றைக் கவனிக்கும் பொறுப்பை முழுதாக விட்டுவிடலாம். காற்று திரும்பும் நேரத்தை ஒரு முறை தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு வெப்பச்சலனத்தைப் புத்தகத்தில் விளக்க வேண்டியிருக்காது.

தோளும் காதும்

எல்க் வேட்டைக்குக் குழல்விட்டம் 0.24 அங்குலத்துக்குக் குறையாத ரைபிள் வேண்டும். குண்டின் எடை குறைந்தது 85 கிரெய்ன், அதாவது ஐந்தரை கிராம். அது உள்ளே போய் விரியும் வகையாகவும் இருக்க வேண்டும். நூறு கஜத் தொலைவில் அதன் ஆற்றல் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. பலம் குறைந்த குண்டு பெரிய உடலின் தசையில் நின்றுபோனால், விலங்கு புண்ணோடு ஓடி மறைந்து பல நாள் துன்பப்பட்டுச் சாகும். இந்த விதி விலங்கின் வேதனையைக் குறைக்க வந்தது.

கீழெல்லை சட்டத்தில் இருக்கிறது. மேலெல்லையை வைப்பது பிள்ளையின் தோள். குண்டும் வெடிவாயுவும் முன்னே போகும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளும். மூன்றரை கிலோ எடையுள்ள .243 வகை ரைபிளில் இந்தப் பின்னுதைப்பு ஏறத்தாழ 13 ஜூல். அதே எடையுள்ள .30-06 ரைபிளில் அது 30 ஜூலைத் தொடும். இரு மடங்குக்கும் மேலான இந்த உதையை ஓரிரு முறை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கும். குறி தவறும். தவறிய குறி என்பது இங்கே காயப்பட்ட ஒரு விலங்கு.

பெரியவர்கள் செய்யும் பொதுவான பிழை, சிறு பிள்ளைக்கு எடை குறைந்த துப்பாக்கி வாங்குவது. தூக்க எளிது என்பது உண்மை. ஆனால் அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடை குறைந்தால் பின்னுதைப்பின் ஆற்றல் அதே விகிதத்தில் கூடும். பிள்ளைக்கு வேண்டியது மிதமான தோட்டாவும், அதன் கை நீளத்துக்கு ஏற்பக் குறைக்கப்பட்ட துப்பாக்கிக் கட்டையும், ஊன்றிச் சுட உறுதியான தாங்கியும். மாதக்கணக்கான பழக்கத்தைச் சிறிய .22 ரைபிளில் முடித்துவிட்டு, பெரிய ரைபிளைக் கடைசியில் கையில் கொடுப்பதே நல்லது.

காதுக்கு வரும் கேடு வெளியே தெரியாது. வேட்டை ரைபிளின் ஒரு வெடி காதருகே 160 டெசிபல் அளவில் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இத்தகைய திடீர் ஒலிக்கான உச்சவரம்பு பெரியவருக்கு 140 டெசிபல், குழந்தைகளுக்கு 120. ஒவ்வொரு 20 டெசிபலுக்கும் ஒலியழுத்தம் பத்து மடங்கு ஏறும் என்பதால், அந்த ஒரு வெடி குழந்தைக்கான வரம்பைவிட நூறு மடங்கு அழுத்தம் தருகிறது. உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. மெல்லிய பேச்சைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுறைகள் இப்போது கிடைக்கின்றன. காட்டில் கிசுகிசுப்பைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று காதுறையைக் கழற்றி வைக்க இனி எந்தச் சாக்கும் இல்லை.

பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரம்

12 முதல் 15 வயது வரையுள்ளவர்கள் தனியே வேட்டையாடக் கூடாது. 18 வயது நிறைந்த, பயிற்சித் தகுதியுள்ள ஒரு வழிகாட்டி உடனிருக்க வேண்டும். இருவரும் தொலைநோக்கியோ வாக்கி-டாக்கியோ இல்லாமல் ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் முடிய வேண்டும்.

அவசரத்தை அடக்கி, விளைவை எடைபோட்டு, வேண்டாம் என்று நிறுத்தும் வேலையில் முன்மூளைப் புறணிக்குப் பெரும் பங்கு உண்டு. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பன்னிரண்டு வயதில் கண் கூர்மையாக இருக்கும், கை உறுதியாக இருக்கும், நிறுத்தும் திறன் மட்டும் பாதி வழியில் இருக்கும். அதோடு, மந்தை கண்ணில் பட்டதும் அட்ரினலின் பாய்ந்து இதயம் படபடக்கும், கை நடுங்கும். வேட்டையர்கள் 'பக் ஃபீவர்' என்று சொல்லும் இந்த நடுக்கம் அனுபவசாலிகளையும் விடாது. பிள்ளையின் மூளை இன்னும் கட்டி முடிக்காத அந்தத் தடையை, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் தாழ்ந்த குரல் தற்காலிகமாகச் செய்து கொடுக்கிறது. பொறுப்பான பெரியவர் கடைசி நிமிடம் வரை துப்பாக்கியின் அறையில் தோட்டா ஏற்ற விடமாட்டார்.

அந்த நிமிடத்தில் பிள்ளை பார்க்க வேண்டியவை பல. நிற்பது பெண்ணா, நீளக் கொம்பு முளைத்த இளம் ஆணா? பக்கவாட்டில் திரும்பி நிற்கிறதா? இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போதுதான் குண்டு இரண்டு நுரையீரல்களையும் கடக்கும். அப்போது இரத்த அழுத்தம் சரிந்து சில நொடிகளில் நினைவு போகும். பின்னால் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. எல்க் மந்தையாக நிற்கும் விலங்கு. ஒன்றைத் துளைத்த குண்டு பின்னால் மறைந்து நிற்கும் இன்னொன்றையும் தைக்கலாம். இவற்றில் ஒன்றுக்குச் சரியான பதில் இல்லையென்றாலும் சுடக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை வேண்டாம் என்று சொல்லலாம். அதை அந்த இடத்திலேயே, முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். ஓர் உயிரை எடுப்பது பிள்ளையின் முடிவாக இருக்க வேண்டுமென்றால், எடுக்காமல் விடுவதும் அதன் முடிவாகவே இருக்க வேண்டும்.

விலங்கு விழுந்த பிறகு

விலங்கு விழுந்ததும் வேலை தொடங்குகிறது. நான்கு கால் தொடைகளையும் முதுகுத் தசைகளையும் உள்தசைகளையும் உண்பதற்கு ஏற்றவாறு எடுத்து வராமல் விடுவது கொலராடோவில் குற்றம். ஒரு பெண் எல்கில் எலும்பு நீக்கிய இறைச்சி 60 கிலோ அளவில் தேறும். அதைக் கெடாமல் இறக்குவது நேரத்தோடு போட்டி. கனமான உடல் வெப்பத்தை எளிதில் விடாது. தசையின் தடிமன் இரண்டு மடங்கானால் குளிர எடுக்கும் நேரம் நான்கு மடங்காகும். தடித்த தோலும் உரோமமும் அந்த வெப்பத்தை மேலும் பூட்டிவைக்கும். வெளியே உறைபனி இருந்தாலும் தொடை எலும்பையொட்டிய சதை உள்ளே சூடாக இருந்து அழுகிப்போவது இதனால்தான். உடனே தோலை உரித்து, தொடைகளைப் பிரித்து, காற்றோட்டமான துணிப் பைகளில் நிழலில் தொங்கவிட வேண்டும். பை பிடிப்பதும், எது நுரையீரல், எது அசைபோடும் இரைப்பை என்று பார்த்துத் தெரிந்துகொள்வதும் பிள்ளைக்கு ஏற்ற வேலைகள். குண்டு சரியாகப் பட்டதா என்பதையும் அங்கே தன் கண்ணால் பார்க்கும்.

அதே இறைச்சியைப் பிள்ளை சாப்பிடப் போகிறது என்பதால் ஈயத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஈய உள்ளீடுள்ள குண்டு உடலுக்குள் பல துணுக்குகளாகச் சிதறும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் குண்டால் வேட்டையாடப்பட்ட 30 மான்களை ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் உலோகத் துணுக்குகள் தெரிந்தன. அவற்றை இறைச்சி வெட்டிக் கொடுக்கும் நிலையங்களில் கொடுத்து, திரும்பி வந்த 234 கொத்துக்கறிப் பொட்டலங்களைச் சோதித்ததில் 32 சதவீதத்தில் துணுக்குகள் இருந்தன. அவற்றில் பல கண்ணுக்குத் தெரியாதவை. வளரும் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கிடையாது. அதே துணுக்குகள் மலையில் விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் நஞ்சாகின்றன. முழுச் செம்பால் ஆன குண்டு விரியும், சிதறாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கொலராடோவில் அத்தகைய பொதுத் தடை இல்லை. அங்கே அந்த முடிவு பெரியவர் கையில். என் பார்வையில் பிள்ளையின் முதல் குண்டு செம்பாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1967-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ஆய்வுக்காக அடைத்து வைத்திருந்த மான்களில் முதன்முதலாகக் கண்ட நோய் ஒன்று, ப்ரியான் என்ற தவறாக மடிந்த புரதத்தால் மூளையை அரிக்கிறது. மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. சமைப்பதாலும் ப்ரியான் அழியாது. அதனால் தலையிலுள்ள நிணநீர் முடிச்சைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

மான்களும் கற்கின்றன

இத்தனையும் படித்துக்கொண்டு மலையேறும் பிள்ளைக்கு எதிரே நிற்பதும் ஒரு மாணவிதான். கனடாவின் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா பகுதிகளில் 49 பெண் எல்குகளுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்த ஆய்வு 2017-ல் வெளியானது. வயது ஏற ஏற அவை வேட்டைக் காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்தன. சாலைக்கு அருகே இருக்க நேர்ந்தால் அடர்ந்த காட்டையும் செங்குத்தான சரிவையும் தேடிப் போயின. வில்வேட்டைக் காலத்தில் ஒரு விதமாகவும் துப்பாக்கிக் காலத்தில் இன்னொரு விதமாகவும் இடம் தேர்ந்தன. ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய பெண் எல்க் வேட்டையரின் கைக்கு ஏறக்குறைய அகப்படவே இல்லை. எளிதில் அகப்படுபவை முன்பே செத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். ஆனால் தப்பிய ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் தன் நடத்தையை மாற்றிக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது.

இதனால் கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் வெற்றி கிட்டுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் எதையும் சுடாமல்தான் வீடு திரும்பும். வெற்றியை விலங்கின் உடலால் மட்டும் அளக்கும் பெரியவர், இந்தப் பிள்ளைகளுக்குத் தோல்வியை மட்டுமே கற்றுக்கொடுக்கிறார். காற்று திரும்பும் நேரத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும், பக்கவாட்டில் திரும்பாத எல்கைச் சுடாமல் விட்ட பிள்ளைக்கும் அந்தப் பருவம் வீணாகவில்லை என்று எடுத்துச் சொல்வது பெரியவரின் வேலை.

பன்னிரண்டு என்பது சட்டம் வைத்த கீழெல்லை. அந்த வயது வந்ததாலேயே எந்தப் பிள்ளையும் தயாராகிவிடாது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து, விதிப் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுப் பாருங்கள். ஏன் ஆரஞ்சு, ஏன் பெண் எல்க், ஏன் 85 கிரெய்ன், ஏன் இந்தத் தொடையை விட்டுவரக் கூடாது? பிள்ளை தன் சொற்களில் பதில் சொன்னால் போகலாம். தடுமாறினால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்கலாம். பெரியவரே தடுமாறினால், அவர் பிள்ளையோடு சேர்ந்து பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கட்டும்.